“எங்க குடும்பத்தில் யாருக்குமே இல்லையே!”: ஒடுங்கு மரபணுக் கணக்கில் நாம் சறுக்கும் இடங்கள்

குழந்தைக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் என்று தெரிய வந்ததும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் சொல்வது இதைத்தான்: “எங்க ரெண்டு குடும்பத்திலயும் யாருக்கும் இப்படி இருந்ததே இல்ல.” அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே யாருக்கும் இருந்திருக்காது. அதை வைத்து, “அப்படின்னா இது பரம்பரையா வந்தது இல்ல” என்று முடிவு கட்டும்போதுதான் கணக்கு தப்புகிறது.

நம்மிடம் பெரும்பாலான மரபணுக்கள் ஜோடியாக இருக்கின்றன. ஒரு பிரதி அப்பாவிடமிருந்து வந்தது, இன்னொன்று அம்மாவிடமிருந்து. ஓங்கு வகை என்றால் ஒரு பிரதி இருந்தாலே அதன் விளைவு வெளியே தெரியும். ஒடுங்கு வகையில் இரண்டு பிரதியும் அதே மாதிரி இருந்தால்தான் தெரியும். ஒன்று பழுதாகி மற்றொன்று நன்றாக இருந்தால் அந்த ஆளுக்கு நோய் இல்லை. அவர் கேரியர், அவ்வளவுதான். மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் 1866-ல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கிலேயே இது இருக்கிறது. மஞ்சள் பட்டாணியையும் பச்சைப் பட்டாணியையும் கலந்தார். வந்தது எல்லாம் மஞ்சள். அந்தச் செடிகளின் அடுத்த தலைமுறையில் 6022 மஞ்சள், 2001 பச்சை. நடுவில் ஒரு தலைமுறை கண்ணில் படாமல் இருந்ததே தவிர, பச்சை எங்கும் போய்விடவில்லை.

பீட்டா தலசீமியாவும் இதே வழியில்தான் வருகிறது. பழுது இருப்பது பதினோராவது குரோமோசோமில், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை உருவாக்கும் மரபணுவில். இரண்டு பிரதியும் கடுமையாகப் பழுதாகி இருந்தால், குழந்தை பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். கருவில் இருந்த ஹீமோகுளோபின் குறையக் குறைய, சில மாதங்களில் வெளுத்துப் போக ஆரம்பிக்கும். அப்புறம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றத் தனியாக மருந்து வேண்டும்.

அப்பா, அம்மா இருவரும் கேரியர் என்றால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு, கேரியராக இருக்க நான்கில் இரண்டு, இரண்டு பிரதியும் நன்றாக இருக்க நான்கில் ஒன்று. பாடப் புத்தகத்தில் நான்கு கட்டம் போட்டுக் காட்டுவார்கள். அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, “நாலு பிள்ளையில் ஒண்ணு, முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு, இனிமே வராது” என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு தவறைத்தான் திருத்த முடியும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன், ஏனென்றால் அடுத்த கர்ப்பத்தைச் சோதிக்காமல் விடுவதற்கு இதுவே காரணமாகிவிடுகிறது. பூவா தலையா போடும்போது போன முறை என்ன விழுந்தது என்று காசுக்குத் தெரியாது. கருவும் அப்படித்தான். மூத்த குழந்தைக்கு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்த கருவுக்கு அதே நான்கில் ஒன்றுதான்.

இந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால், “குடும்பத்தில் யாருக்கும் இல்லை” என்பதன் ரகசியமும் பிடிபடும். இருவருமே கேரியராக உள்ள தம்பதிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தால், இரண்டு பேருக்கும் நோய் வராமல் போக 16-ல் 9 வாய்ப்பு இருக்கிறது. பாதிக்கும் மேல்! அந்த வீட்டில் எல்லோரும் நலம், யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது. அதற்கும் முந்தைய தலைமுறைகளில் கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டுமே கேரியராக இருந்திருப்பார்கள். அப்போது எந்தப் பிள்ளைக்கும் நோய் வராது, பாதிப் பேருக்குக் கேரியர் நிலை மட்டும் கைமாறும். குடும்ப வரலாறு சுத்தமாக இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

சரி, கேரியர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கே டாக்டர்களும் சில நேரம் சறுக்குகிறார்கள். ஒரு ரத்த ரிப்போர்ட் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: ஹீமோகுளோபின் 10.8, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 64, சிவப்பணு எண்ணிக்கை 5.8 மில்லியன். ஹீமோகுளோபின் குறைவு என்று முதல் வரியைப் பார்த்ததுமே இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டும் ஏறாது. கூடவே முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டு அலுத்துப் போயிருப்பார்கள். மூன்றாவது வரியைக் கவனித்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். இரும்புச்சத்துக் குறைவில் அணுக்கள் சிறியதாவதோடு எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும். தலசீமியா கேரியருக்கு அணுக்கள் சிறியவை, ஆனால் எண்ணிக்கை வழக்கம்போலவோ அதற்கு மேலோ இருக்கும். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்தால் 13-க்குக் கீழே வருகிறதா என்று பார்ப்பது ஒரு பழைய கைக்கணக்கு. மேலே உள்ள ரிப்போர்ட்டில் 11 வருகிறது. அது சந்தேகத்தைக் கிளப்பும், உறுதிப்படுத்தாது. அதற்கு, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனை செய்து, அவற்றில் ஒன்றான ஹீமோகுளோபின் ஏ2 எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பொதுவாக 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா கேரியர். இரும்புச்சத்தும் கடுமையாகக் குறைந்திருந்தால் ஏ2 சற்று இறங்கிக் காட்டலாம் என்பதால், எல்லைக்கோட்டில் வரும் ரிப்போர்ட்டை உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவோடு சேர்த்துப் பார்ப்பது நல்லது.

அடுத்த தவறு கொஞ்சம் நுணுக்கமானது. “அவருக்குத் தலசீமியா கேரியர், எனக்கு சிக்கிள் செல் கேரியர்; வேற வேற தானே, பிரச்சினை இல்லை” என்று நினைப்பது. சிக்கிள் செல் என்பது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் ரத்த நோய். பெயர்தான் வேறு. இரண்டு பழுதும் ஒரே பீட்டா மரபணுவில்தான் இருக்கின்றன. அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து மற்றொன்றும் வந்தால், குழந்தையிடம் நல்ல பிரதி ஒன்றுகூட மிஞ்சாது. சிக்கிள்-பீட்டா தலசீமியா என்ற நோய் வரும். அதே நான்கில் ஒரு வாய்ப்பு. சிக்கிள் செல் எங்கோ ஆப்பிரிக்காவில் உள்ள சமாச்சாரம் என்று ஒதுக்கவும் முடியாது. இந்தியாவில் அது முதலில் பதிவானதே 1952-ல், நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடம். 2047-க்குள் அதை ஒழிக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் மத்திய அரசு தேசிய இயக்கம் ஒன்றையே தொடங்கியிருக்கிறது.

நேர் எதிரான நிலையும் உண்டு. பெயர் ஒன்றாக இருந்து மரபணு வேறாக இருக்கலாம். பிறவியிலேயே காது கேளாமைக்குக் காரணமாகும் மரபணுக்கள் பல. அப்பாவிடம் ஒரு மரபணுவிலும் அம்மாவிடம் இன்னொன்றிலும் ஒடுங்கு வகைப் பழுது இருந்தால், பிள்ளைக்கு இரண்டிலுமே ஒரு நல்ல பிரதி கிடைத்துவிடும். காது நன்றாகக் கேட்கும்.

சொந்தத்தில் திருமணம் என்று பேச்சு வந்தால் இரண்டு கட்சிகளும் தப்பாகவே வாதாடும். “சொந்தத்தில் கட்டினா பிள்ளை ஊனமா பிறக்கும்” என்பது ஒரு கட்சி. “எங்க தாத்தா அக்கா மகளைத்தான் கட்டினார், ஒன்பது பிள்ளையும் கல்லு மாதிரி இருக்கு” என்பது மறு கட்சி. சொந்தத்தில் கட்டுவதால் மரபணு கெட்டுப்போவதில்லை. ஒரே தாத்தாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ வந்த மறைந்த பிரதி, இரண்டு வழியாக இறங்கி ஒரே குழந்தையிடம் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. எவ்வளவு? ஓர் ஆண் பீட்டா தலசீமியா கேரியர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அக்கா மகளும் அதே பழுதைச் சுமக்க நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள் அல்லது அத்தை மகள் என்றால் எட்டில் ஒன்று. சம்பந்தமே இல்லாத பெண் என்றால், இந்தியாவின் பொதுக் கணக்குப்படி நூற்றில் மூன்று, நான்கு பேர். அதாவது சொந்தத்தில் ஆபத்து அதிகம், அந்நியத்தில் ஆபத்து குறைவு. இல்லவே இல்லை என்று அல்ல. ஒரே சமூகத்துக்குள்ளேயே தலைமுறைகளாகப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் இடங்களில் அந்த ‘குறைவு’ம் கூடலாம். அக்கா மகளோ அந்நியமோ, இருவருக்கும் ரத்தப் பரிசோதனை ஒன்றுதான்.

ஓங்கு மரபணுவுக்கும் தனியாகச் சில கட்டுக்கதைகள் உண்டு. ஓங்கு வகை என்றால் ஊரெல்லாம் அதுதான் இருக்கும் என்ற எண்ணம் அதில் ஒன்று. ஆறு விரல் பல குடும்பங்களில் ஓங்கு முறையில் வருகிறது. தெருவில் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஓ ரத்த வகை ஒடுங்கு முறையில் வருவது. தமிழ்நாட்டில் எந்த ரத்த முகாமுக்குப் போனாலும் அதற்குப் பஞ்சமில்லை. ஏ அப்பாவுக்கும் பி அம்மாவுக்கும் ஓ பிள்ளை பிறப்பது சர்வ சாதாரணம், இருவரும் ஓ-வை மறைவாகச் சுமந்திருந்தால் போதும். இது தெரியாமல் மனைவியைச் சந்தேகப்பட்ட ஆண்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. ஓங்கு நோய் என்றால் பெற்றோரில் ஒருவருக்குக் கட்டாயம் இருக்கும் என்பதும் சரியல்ல. அகோண்ட்ரோபிளேசியா என்ற குள்ளத்தன்மை ஓங்கு வகை. ஆனால் அதோடு பிறக்கும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குப் பெற்றோர் சராசரி உயரம்தான், புதிதாக நேர்ந்த மாற்றம் அது. தோல் நிறம், உயரம் இவற்றுக்கெல்லாம் ஓங்கு-ஒடுங்கு கட்டம் போட்டுப் பார்ப்பது வீண் வேலை, பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் காரியம் அவை.

மருமகளால் வந்தது என்ற பேச்சுக்கும் தலசீமியாவில் இடமில்லை. பழுதான இரண்டு பிரதியில் ஒன்று மகனுடையது. ரத்தம் உறையாத நோயான ஹீமோபிலியாவைக் காட்டி வாதாடுவார்கள். அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பது, அங்கே கணக்கே வேறு.

ஒருவர் கேரியர் என்று உறுதியானதும் பல வீடுகளில் ரிப்போர்ட்டைப் பீரோவில் பூட்டிவிடுகிறார்கள், தங்கை கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில். தங்கையும் கேரியராக இருக்கக் குறைந்தது பாதி வாய்ப்பு இருக்கிறது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ நோயே இருந்தால், நோய் இல்லாத தங்கை கேரியராக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. கேரியர் கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம். துணைக்கும் ஒரு முறை எச்.பி.எல்.சி. பார்த்தால் போதும். இருவருமே கேரியர் என்றால் பத்து, பன்னிரண்டு வாரக் கர்ப்பத்திலேயே நஞ்சுத் திசுவைச் சிறிது எடுத்துச் சோதிக்க வழி இருக்கிறது. ஆனால் பெற்றோரிடம் உள்ள பழுது எது என்று மரபணுச் சோதனையில் முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும். வளைகாப்புக்குப் பிறகு ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தால் அந்த வாரங்கள் தாண்டியிருக்கும்.