நண்பர்கள் வீடு வழியாக டெல்லிக்கு: காரில் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்து காரிலேயே டெல்லி வரை சென்று, வழியில் உள்ள ஊர்களைப் பார்த்து, வெகுகாலமாகச் சந்திக்காத கல்லூரி நண்பர்களின் வீடுகளிலும் தங்கிவர நினைப்பவர்கள், வரைபடத்தை விரிப்பதற்கு முன் அந்த நண்பர்களிடம் தொலைபேசியில் பேசிவிட வேண்டும். கோட்டையும் கோயிலும் எந்த நாளில் போனாலும் அங்கேயே இருக்கும். நண்பரோ மகளின் பிரசவத்திற்காக வெளிநாடு சென்றிருக்கக்கூடும். எனவே அவர்களுக்கு வசதியான தேதிகளை முதலில் உறுதிசெய்துகொண்டு, நடுவில் கிடைக்கும் நாள்களில் பார்க்க வேண்டிய இடங்களைச் சேர்ப்பதே சரியான வரிசை.

வழியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மதுரை, சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூரு, கர்நூல், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு டெல்லியை அடைகிறது. ரயில்வே, பாரத மிகுமின் நிறுவனம், மத்திய அரசு அலுவலகங்கள் என்று வேலைக்காக வடக்கே போன நம்மவர்களில் பலர் இந்தச் சாலையை ஒட்டிய ஊர்களிலேயே தங்கிவிட்டதால், நண்பர் பட்டியலும் சாலையும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

பருவத்தைப் பொறுத்தவரை, டிசம்பர் பிற்பாதியும் ஜனவரியும் ஆக்ரா, டெல்லிப் பகுதிகளில் மூடுபனிக் காலம் என்பதால் அவற்றைத் தவிர்த்து, பொங்கல் முடிந்து தை கடைசியில் புறப்படுவது நல்லது. அதில் ஒரு சிக்கல் உண்டு: பிப்ரவரி, மார்ச் மாதங்கள் பொதுத்தேர்வுக் காலம். நண்பரின் வீட்டில் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால், அவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் அருகில் ஒரு விடுதியில் அறை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டிற்கு மட்டும் அவர் வீட்டிற்குச் செல்லுங்கள்.

வாகனப் பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றின் காலாவதித் தேதிகள் பயணத்தின் நடுவே விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேகில் போதிய பணம் இருக்கட்டும். 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டுச் சீட்டு, சொந்தக் காருக்கு 200 முறை சுங்கச்சாவடியைக் கடக்கவோ ஓராண்டு வரையோ செல்லும் என்பதால் இத்தகைய நெடும்பயணத்திற்கு மிகவும் லாபமானது. ஆனால் ஆக்ராவுக்கு அப்பால் உள்ள யமுனை விரைவுச்சாலை மாநிலத்தைச் சேர்ந்தது என்பதால் அங்கே தனியாகக் கட்ட வேண்டும். காற்று மாசு கடுமையாகும் நாள்களில் டெல்லிக்குள் பி.எஸ். 4 என்னும் பழைய புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் தயாரான டீசல் கார்களுக்குத் தடை விதிக்கப்படுவது வழக்கம் என்பதால், பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் புறப்படும் வாரத்தில் நிலவரத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் அழைக்க வேண்டிய எண் 1033.

ஒரு நாளைக்கு 450 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை என்றும், இருட்டுவதற்கு முன் தங்குமிடம் சேர்ந்துவிடுவது என்றும் முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் இரவை ஓசூரில் கழித்து, விடியுமுன் புறப்பட்டால் பெங்களூருவின் நெரிசல் தொடங்குவதற்குள் அந்நகரைக் கடந்துவிடலாம். பிறகு நெடுஞ்சாலையிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் விலகினால் லேபாட்சி. விஜயநகரக் காலத்து வீரபத்திரர் கோயிலில், அடிப்பகுதி தரையில் முழுமையாகப் படியாத ஒரு தூண் இருக்கிறது. வருவோர் ஒரு துண்டை அதன் அடியில் ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் இழுப்பதைப் பார்க்கலாம். கூட்டமெல்லாம் அந்தத் தூணையே சுற்றி நிற்க, மண்டபக் கூரையின் ஓவியங்களை அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. நீங்கள் அந்த ஓவியங்களுக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள்.

அன்றிரவு கர்நூலில் தங்கினால், மறுநாள் காலையில் துங்கபத்திரையைக் கடந்து ஆலம்பூர் நவபிரம்மா கோயில்களைப் பார்த்துவிட்டு மதியத்திற்குள் ஹைதராபாத் சேரலாம். பாதாமிச் சாளுக்கியர் கட்டிய இக்கோயில்களின் விமானங்கள் வடநாட்டுப் பாணியில் அமைந்தவை. ஹைதராபாத்தில் சாலார் ஜங் அருங்காட்சியகத்திற்கும், பின்னர் ஆக்ராவில் தாஜ்மகாலுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. டெல்லிச் செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கிழமைகளைச் சரிபார்க்காமல் நாள் குறித்தால் பூட்டிய கதவைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

நாக்பூரில் நண்பர் இருந்தால் இரண்டு இரவுகள் தங்குவது முறை. ஒரே இரவு என்றால், பெட்டியை இறக்குவதும் ஏற்றுவதுமாகப் பேச்சுக்கு நேரமில்லாமல் போய்விடும். நடுவில் கிடைக்கும் முழுநாளில் அவரைச் சுற்றுலா வழிகாட்டியாக்காமல், அவர் அன்றாடம் போகும் கடைத்தெருவுக்கு உடன் சென்று, அவலின் மேல் காரமான கொண்டைக்கடலைக் குழம்பை ஊற்றித் தரும் தர்ரி போஹாவைச் சாப்பிட்டு வாருங்கள். கையில் கொண்டுபோவதற்கு இனிப்புப் பெட்டிகளைவிட, புதிதாக அரைத்த காப்பித்தூள், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், வற்றல், மாவடு ஆகியவை மேல். கடுகெண்ணெய் ஊரில் குடியிருப்பவர்களுக்கு அவற்றின் அருமை தெரியும்.

நாக்பூருக்கு வடக்கே சாலை பென்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிச் செல்கிறது. விலங்குகள் கீழே கடந்துபோவதற்காகச் சாலையையே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அங்கே வண்டியை நிறுத்தாமல் பகலிலேயே கடந்துவிட வேண்டும். ஜான்சி வரை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் என்பதால் சாகரில் ஓர் இரவு தங்குவது அவசியம்.

ஜான்சியில் நண்பரைப் பார்த்த பின், பேத்வா நதிக்கரையில் உள்ள ஓர்ச்சாவுக்கு அவரையும் அழைத்துச் செல்லலாம். இராமபிரானை அரசராகவே வைத்து வழிபடும் கோயிலும் ஜஹாங்கீர் மகாலும் அங்கே நடக்கும் தொலைவில் உள்ளன. குவாலியர் கோட்டையில் பெரும்பாலோர் மான்சிங் அரண்மனையோடு திரும்பிவிடுகிறார்கள். கோட்டைக்கு ஏறும் பாதையில் உள்ள சிறிய சதுர்புஜர் கோயிலை விட்டுவிடாதீர்கள். கி.பி. 876-ஐச் சேர்ந்த அதன் கல்வெட்டில், ஒரு நந்தவனத்தின் அளவாக 270 என்ற எண் பொறிக்கப்பட்டுள்ளது. கடைசி இலக்கமான அந்தச் சிறு வட்டம், இன்று நாம் எழுதும் அதே பூஜ்யம்.

மொரேனாவைத் தாண்டும்போது, அவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்த கஜக் என்னும் எள் இனிப்பை டெல்லி நண்பருக்காக வாங்கிக்கொள்ளுங்கள். டெல்லியில் அவருடைய குடியிருப்பில் விருந்தினர் காருக்கு இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவைத்து, அங்கேயே வண்டியை நிறுத்திவிட்டு நகருக்குள் மெட்ரோவில் செல்வது நிம்மதி. அங்கிருக்கும் நாள்களில் ஒன்றை எண்ணெய் மாற்றவும், சக்கரங்களையும் பிரேக்கையும் சோதிக்கவும் ஒதுக்கினால், திரும்பும் வழியில் வேறு எதற்கும் நிற்காமல், போகும்போது சந்திக்க முடியாமற்போன நண்பருக்காக மட்டும் ஒரு நாளைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம்.