மைதானத்துக்குப் போகும் பிள்ளையைக் காக்க: கிளப் கமிட்டிக்கும் வீட்டாருக்கும்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோரத்தில், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் அப்பா ஆழ்கடலுக்குப் போனால் திரும்பி வரப் பல வாரம் ஆகும். அந்த நாட்களில் பிள்ளைக்கு பூட்ஸ் வாங்கித் தருவதும், பைக்கில் வீட்டில் கொண்டுவிடுவதும், வெளியூர் மேட்சுக்குக் கூட்டிப்போவதும் கோச்தான். நல்ல கோச்சுகள் இப்படித்தான் பிள்ளைகளை ஆளாக்குகிறார்கள். பிள்ளைக்குப் பாலியல் தொல்லை கொடுக்கும் கெட்ட எண்ணம் உள்ளவனும் இதே வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறான். முகத்தைப் பார்த்து இருவரையும் பிரித்தறிய யாராலும் முடியாது. அதனால், ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் யார் கண்ணிலும் படாமல் தனித்திருக்கும் சந்தர்ப்பங்களை ஒவ்வொன்றாக அடைப்பதுதான் வழி.

கோச்சைச் சேர்க்கும் முன் அவர் கடைசியாக வேலை பார்த்த இரண்டு இடங்களுக்குக் கமிட்டியே போன் செய்து, ஏன் விலகினார் என்று கேட்க வேண்டும். போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழும் வாங்குங்கள். ஆனால் அதில் வழக்கு இல்லை என்பதற்கு, புகார் பதிவாகவில்லை என்பதே பொருள். அதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

தினசரி விதிகள் சில. பயிற்சி நேரத்தில் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தி பெற்றோரும் உள்ள குரூப்பில் மட்டும். பிள்ளைக்குத் தனியாக அனுப்பக் கூடாது. பைக்கில் ஒற்றைப் பிள்ளையை ஏற்றக் கூடாது. பரிசுப் பொருள் எதுவானாலும் கமிட்டி வழியாகவே போகட்டும். "இதை வீட்டில் சொல்லாதே" என்று ஒரு பெரியவர் சொன்னால், அதைத்தான் முதலில் வீட்டில் சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

நம் மாவட்டத்தில் அடிமுறை என்ற தற்காப்புக் கலையைக் கற்றுத்தரும் களரிகளும் உண்டு, ஆசான்மார் எண்ணெய் போட்டுத் தடவும் உழிச்சல் வைத்தியமும் உண்டு. இங்கேதான் அதிகக் கவனம் தேவை. உடம்பைத் தொடுவது வைத்தியத்தின் பகுதி என்பதால் பிள்ளைக்கு எது தப்பு என்று தெரியாமல் போகும். உழிச்சலின்போது கதவு திறந்திருக்க வேண்டும், பெற்றோரில் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும், பெண்பிள்ளைக்குப் பெண்ணே தடவ வேண்டும். கணுக்கால் சுளுக்குக்குக் கை முழங்காலுக்கு மேலே போக வேண்டிய தேவையே இல்லை. உண்மையில், புதிதாக வீங்கிய மூட்டை முதல் 48 மணி நேரம் தடவவே கூடாது. துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும். பல உழிச்சல்கள் இதிலேயே தேவையற்றதாகிவிடும்.

சென்னைக்கோ கோவைக்கோ போட்டிக்குப் போனால் ராத்திரி ரயில், பிறகு விடுதி. பெண்கள் அணியோடு ஒரு பெண் பொறுப்பாளர் கட்டாயம் போக வேண்டும். பெரியவரும் பிள்ளையும் ஒரே அறையில் படுக்கக் கூடாது. 12 வயதுப் பிள்ளையை 18 வயதுக்காரரோடும் படுக்க வைக்காதீர்கள்; மூத்த வீரர்களால் நடக்கும் தொல்லையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தினமும் இரவு வீட்டோடு பேச நேரம் ஒதுக்குங்கள்; போனைப் பிடுங்கி வைக்கும் முகாமுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

அடி, வெயிலில் முட்டி போட வைத்தல், தண்ணீர் மறுத்தல், உடலைக் கேலி செய்தல் எல்லாமே துன்புறுத்தல்தான். தலையில் அடிபட்டு மயங்கிய பிள்ளையை அதே நாளில் மறுபடி இறக்கினால் மூளைக்கே ஆபத்து.

திடீரென்று பயிற்சிக்குப் போக மறுத்தால் சோம்பேறி என்று திட்டாதீர்கள். பிள்ளை வாய் திறந்தால், "அவர் உன்னைத் தொட்டாரா?" என்று நீங்களே பதிலை எடுத்துக் கொடுக்காமல், "என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். சொன்னதை அதே வார்த்தைகளில், தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். ஒவ்வொரு உறவினர் முன்பும் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். கோச்சிடம் நேரில் போய்ச் சண்டை போட்டால் அவர் செய்திகளை அழித்துவிடுவார். பிள்ளையின் போனில் எதையும் அழிக்க வேண்டாம். ஆபாசப் படம் இருந்தால் யாருக்கும் அனுப்பவும் வேண்டாம், அதுவே குற்றம்.

பாலியல் வன்முறை நடந்து 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி போக வேண்டும். கர்ப்பத்தையும் எச்ஐவியையும் தடுக்கும் மருந்துகளை அதற்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முடிந்தால் அதற்கு முன் குளிக்க வேண்டாம். உடைகளைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போலீஸ் கடிதம் இல்லாமலே அவசர சிகிச்சை பெறலாம்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள், அல்லது அருகிலுள்ள காவல் நிலையத்தில் சொல்லுங்கள். ஊர்க் கமிட்டியோ கோயில் பங்கின் நிர்வாகக் குழுவான பங்குப் பேரவையோ பேசித் தீர்க்கும் விஷயம் இது இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிந்தும் போலீசில் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை உண்டு. தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை. நல்ல எண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் வரக் கூடாது. வீட்டிலேயே வாங்கச் சொல்லிக் கேட்கலாம். பிள்ளையை ராத்திரி ஸ்டேஷனில் வைக்கக் கூடாது.

விசாரணை முடியும்வரை மைதானத்தை விட்டு விலகி நிற்க வேண்டியவர் கோச். பிள்ளைக்கு விளையாட விருப்பம் இருந்தால் அதே அணி, அதே நேரம், அதே ஜெர்சி நம்பர்.