பழ ஈயோட உடம்புக் கடிகாரத்தை அளக்குறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருஷமும் புது பசங்க லேப்புக்கு வர்றாங்க, நாங்கல்லாம் ஆரம்பத்துல சொதப்பின அதே இடத்துல வரிசை மாறாம சொதப்புறாங்க, பக்கத்துல நின்னு பார்த்துட்டு சும்மா இருக்க முடியல, அதான் எழுதுறேன். டியூப்ல லேபிள் ஒட்டு, டேட்டாவை பேக்கப் எடுன்னெல்லாம் சொல்லப் போறதில்ல. அது யாருக்கும் தெரியும்.

தெரியாதவங்களுக்கு மட்டும் சுருக்கமா: ஈயோட நடமாட்டத்தை எண்ணுற மானிட்டர்ங்கிற கருவி ஒண்ணுல 32 கண்ணாடி டியூப், ஒவ்வொண்ணும் 5 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஒரு முனைல சர்க்கரையும் அகாரும் கலந்த சாப்பாடு, இன்னொரு முனைல பஞ்சு, உள்ள ஒத்தை ஈ. நடுவுல அகச்சிவப்புக் கதிர் ஒண்ணு குறுக்கே போகும், ஈ அதைத் தாண்டுற ஒவ்வொரு தடவையும் ஒரு கவுன்ட். 25 டிகிரில 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டுன்னு வச்சா ஈ காலைல ஒரு ஆட்டம், சாயங்காலம் ஒரு ஆட்டம் போடும் (அதாவது சுறுசுறுப்பா நடமாடும்), மத்தியானம் ஓய்வெடுக்கும்.

லைட் போட்டதும் துள்ளுறதை கடிகாரம்னு எழுதுறது

லைட் பட்டுனு எரிஞ்சா எந்த ஈயும் பதறி ஓடும். கடிகாரமே வேலை செய்யாத பெர் ஜீரோ ஈயும் ஓடும். அந்த உச்சத்தைக் காட்டி "காலை ஆட்டம் நல்லா இருக்கு"ன்னு சொன்னா அதுல அர்த்தமே இல்ல. பார்க்க வேண்டியது லைட் வர்றதுக்கு முந்தின மூணு மணி நேரத்தை. அலாரம் அடிக்கறதுக்கு முன்னாடியே எழுந்து உக்கார்ற பாட்டி மாதிரி ஈ இருட்டுலயே நடக்க ஆரம்பிக்குதான்னு பாருங்க, அதுதான் கடிகாரம். பிடிஎஃப்ங்கிற நியூரோபெப்டைட் (நரம்பு செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்ற குட்டிப் புரதம்) இல்லாத ஈக்கு இந்த முன்கூட்டி எழுற பழக்கமே போயிடும், சாயங்கால ஆட்டமும் சீக்கிரமே வந்துடும். ஆனா லைட் போட்ட நிமிஷத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்க, அந்த ஈயும் நார்மல் மாதிரிதான் தெரியும்.

பெண் ஈயைப் போடுறது

முட்டை போடும், புழு சாப்பாட்டைக் கிளறும், அப்புறம் எது யாரோட கவுன்ட்னு தெரியாது. ஆண் ஈயைப் போடுங்க.

இருட்டுன்னு சொன்னா இருட்டுன்னு நம்புறது

இதைப் பத்திதான் நிறைய சொல்லணும், ஏன்னா இன்னிக்கும் இதை நினைச்சா எனக்கு எரிச்சல் வருது.

கடிகாரம் உள்ளுக்குள்ள தானா ஓடுதான்னு தெரியணும்னா மூணு நாலு நாள் லைட்-இருட்டுல பழக்கிட்டு அப்புறம் முழு இருட்டுல குறைஞ்சது ஒரு வாரம் விடணும். அப்போ ஒவ்வொரு ஈயும் தன்னோட சொந்தக் கணக்குல ஓடும். 1971ல அமெரிக்காவுல இருக்கிற கால்டெக்ல கொனொப்காவும் பென்சரும் கண்டுபிடிச்சது இப்படிப்பட்ட கணக்குதான்: ஒரே ஜீன்ல மூணு மாற்றம், ஒண்ணுல நாள் 19 மணி நேரமா சுருங்கிடுச்சு, ஒண்ணுல 28 மணி நேரமா நீண்டுடுச்சு, மூணாவதுல நாள்ங்கிற கணக்கே இல்ல, இதுதான் பெர் ஜீரோ. பீரியட்னு பேர் வச்ச அந்த ஜீன்ல ஆரம்பிச்ச வேலைக்குத்தான் 2017ல ஹால், ராஸ்பாஷ், யங் மூணு பேருக்கும் நோபல் கிடைச்சது.

சிக்கல் எங்கன்னா, சாதாரண ஈயோட சொந்தக் கணக்கும் 24க்கு ரொம்பக் கிட்ட. அதனால இன்குபேட்டர்ல (மானிட்டரை உள்ள வைக்கிற, வெப்பநிலையை ஒரே அளவுல வச்சிருக்கிற பெட்டி) எங்கயாவது வெளிச்சம் ஒழுகினா ஈ அதைப் பிடிச்சுக்கிட்டு சரியா 24.0ல நிக்கும், பார்க்கிறவனுக்கும் சந்தேகமே வராது.

ஒரு பையன் ஆக்டோகிராம் (ஒவ்வொரு நாள் நடமாட்டத்தையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா பட்டையாக் காட்டுற படம்) பிரின்ட்டை எடுத்துட்டு வந்து "அக்கா, ரிதம் செமயா வந்திருக்கு"ன்னு நீட்டினான். பார்த்தா எல்லா ஈயோட பட்டையும் தூண் மாதிரி நேரா கீழ இறங்குது, ஒண்ணுகூட இடப்பக்கமோ வலப்பக்கமோ சாயல. முப்பது ஈ இருந்தா முப்பதும் கொஞ்சம் கொஞ்சம் வேற வேற பக்கம் நகரணும், எல்லாம் ஒரே கோட்டுல நிக்குதுன்னா ஏதோ ஒண்ணு வெளியிலேர்ந்து பிடிச்சு நிறுத்துதுன்னு அர்த்தம். அடுத்த பக்கத்தைத் திருப்பினா பெர் ஜீரோவுக்கும் ரிதம் இருக்கு! அது நடக்கவே கூடாது. போய்ப் பார்த்தோம். மானிட்டர் கேபிள் வெளிய வர்ற ஓட்டைல அடைச்சு வைக்கிற ஸ்பாஞ்சைக் காணோம், பக்கத்து இன்குபேட்டர் லைட் தினமும் 12 மணி நேரம் அந்த ஓட்டை வழியா உள்ள விழுந்துட்டு இருந்துச்சு, விரல் அகலத்துக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். நிலா வெளிச்சம் அளவு மங்கலான லைட்டே ஈயோட நடமாட்டத்தை மாத்திடும், இந்தக் கோடு தாராளமாப் போதும்.

நஷ்டம் எவ்வளவுன்னு யோசிங்க. க்ராஸ் போட்டு, அதாவது ஆண் ஈயையும் பெண் ஈயையும் இணைய விட்டு, புது ஈ வெளிய வர பத்து நாள், கொஞ்ச நாள் வளர விடணும், பழக்குறதுக்கு நாலு நாள், இருட்டுல ஒரு வாரம், ஆக ஒரு மாசம் போச்சு. இதைவிட மோசம், பெர் ஜீரோவைக் கூட வைக்காம இருந்திருந்தா அந்த டேட்டா அப்படியே பேப்பருக்குப் போயிருக்கும்.

வெளிச்சத்தை அடைச்சாலும் முடியல, வெப்பநிலை இருக்கு. ராத்திரி ரூம் ஏசியை ஆஃப் பண்ணிட்டுப் போனா இன்குபேட்டர் உள்ள ரெண்டு மூணு டிகிரி ஏறி இறங்கலாம், ஈ அதையும் கடிகாரமா எடுத்துக்கும். தினமும் காலைல பத்து மணிக்குக் கதவைத் திறந்து "ஈ உயிரோட இருக்கா"ன்னு எட்டிப் பார்க்கிறதும் அதே கேடுதான்.

அதனால ஒவ்வொரு ரன்லயும் பெர் ஜீரோவும் 19 மணி நேர ஈயும் கட்டாயம் இருக்கணும். உள்ள ஒரு டெம்பரேச்சர் லாகர் வைங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரூம்ல எல்லா லைட்டையும் அணைச்சுட்டு பத்து நிமிஷம் கண்ணைப் பழக்கிட்டு, பக்கத்து இன்குபேட்டர் லைட் எரியறப்போ தலையை உள்ள விட்டுப் பாருங்க. மானிட்டர்ல எரியற குட்டி எல்இடிக்கும் கறுப்பு டேப் ஒட்டுங்க. உள்ள போயே ஆகணும்னா மங்கலான ஆழ்ந்த சிவப்பு டார்ச், அதுவும் தினம் வேற வேற நேரத்துல.

எல்லா ஈயையும் சேர்த்து சராசரி போடுறது

முழு இருட்டுல ஒரு ஈ 23.5ல ஓடுது, இன்னொண்ணு 24.3ல ஓடுதுன்னா ஒரு வாரத்துல ரெண்டுக்கும் அஞ்சாறு மணி நேரம் விலகிடும். எல்லாத்தையும் கூட்டி சராசரி எடுத்தா கோடு தட்டையாயிடும், உடனே "ரிதம் இல்ல"ன்னு எழுதிடுறாங்க. ரிதம் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்புதுன்னு கணக்கு போடுற பீரியடோகிராமை முதல்ல ஒவ்வொரு ஈக்கும் தனியாப் போடுங்க.

செத்த ஈயையும் எண்ணுறது

ஜீரோ ஜீரோன்னு வந்தா டியூபை எடுத்துப் பாருங்க.

நகரலன்னா தூங்குதுன்னு முடிவு கட்டுறது

அஞ்சு நிமிஷம் அசையாம இருந்தா தூக்கம்ங்கிற கணக்கு 2000லேர்ந்து நடைமுறைல இருக்கு, நல்ல கணக்குதான். ஆனா கதிர் நடுவுல ஒண்ணுதான். சாப்பாட்டுப் பக்கம் நின்னு அரை மணி நேரமா தின்னுட்டு, கால் தேச்சுட்டு இருக்கிற ஈயும் ஜீரோதான். தூக்கத்தைப் பத்திச் சொல்லணும்னா வீடியோவோ, பல கதிர் இருக்கிற மானிட்டரோ வேணும்.

டியூப்ல பார்த்ததை "இயற்கையில்"னு எழுதுறது

2012ல இங்கிலாந்தோட லெஸ்டர், இத்தாலியோட படுவா பல்கலைக்கழகக் குழு ஈயை வெளில வச்சுப் பார்த்தப்போ, வெயில் காலத்துல நாம ஓய்வுன்னு நினைச்ச மத்தியானத்துல மூணாவதா ஒரு ஆட்டம் வந்துச்சு. 2013ல பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்துக்காரங்க அது சோதனை செஞ்ச விதத்தால வந்தது, கடிகாரத்துக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தமில்லன்னு சொன்னாங்க. 2015ல லெஸ்டர் பக்கம் மறுபடி, இல்ல அது நிஜம்தான், டிரிப்-ஏ1ங்கிற சூடு உணர்ற சேனல் (செல்லோட சவ்வுல இருக்கிற புரதக் கதவு) அதுக்குத் தேவைன்னு காட்டினாங்க. இத்தனை பெரிய ஆளுங்களே ஒரு மத்தியானத்தைப் பத்தி மூணு வருஷம் மல்லுக்கட்டியிருக்காங்க, 25 டிகிரில ஒரு ரன் ஓட்டிட்டு இயற்கையைப் பத்தி ஒரு பத்தி எழுதிடாதீங்க. என்ன டியூப், என்ன லைட், எத்தனை டிகிரின்னு முதல்ல முழுசா எழுதுங்க.