‘முடித்துவிட்டாயா? இன்னும் பத்துக் கணக்குப் போடு!’ – மீத்திறன் குழந்தைகளிடம் நாம் செய்யும் தவறுகள்

பென்னாகரம் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் நான் நான்காம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலம். மற்ற பிள்ளைகள் மூன்றாவது கணக்கில் திணறிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் பத்தையும் முடித்து நோட்டை நீட்டுவான். எல்லாம் சரியாக இருக்கும். "நல்லது, இன்னும் பத்துப் போடு" என்பேன். இரண்டே மாதத்தில் அவன் வேகம் குறைந்துவிட்டது. பையனுக்குக் கவனம் சிதறுகிறது என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். சீக்கிரம் முடித்தால் வேலைதான் கூடும் என்பதை அவன் கண்டுபிடித்துவிட்டான் என்பது எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆனது. செங்கல் சூளையில்கூடக் கூடுதலாக அறுத்த கல்லுக்குக் கூலி உண்டு.

இப்படி வகுப்பை மிஞ்சிய திறன் உள்ள மீத்திறன் பிள்ளைகளிடம், தெரிந்ததையே திரும்பச் செய்யச் சொல்வதுதான் நாம் செய்யும் முதல் தவறு. பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறோம். இதற்கு எளிய மாற்று உண்டு. பயிற்சியில் உள்ள ஐந்து கடினமான கணக்குகளை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். ஐந்தும் சரி என்றால் மீதியைப் போட வேண்டியதில்லை. மிஞ்சும் நேரத்தில் அடுத்த வகுப்புப் பாடத்துக்கு ஓட வேண்டியதும் இல்லை. அதே பெருக்கலில் ஆழமாக இறக்கிவிடலாம். 37ஐ 3ஆல் பெருக்கினால் 111, 6ஆல் பெருக்கினால் 222, 9ஆல் பெருக்கினால் 333. இது எதுவரை இப்படியே போகும், எங்கே முறியும், ஏன் முறிகிறது? 27 வரை ஒழுங்காக வந்து 999 ஆகி, 30இல் 1110 என்று உடைவதை ஒரு குழந்தை தானே கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். கரும்பலகையில் ஒரே ஒரு வரி எழுதிப்போட்டால் போதும், செலவு ஒன்றும் இல்லை.

தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளுக்காக 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்க வழி செய்தது. ஆனால் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் இடத்தில் நேரமெல்லாம் அரும்புக்கே போய்விடுகிறது. மலர் தானாகப் பூத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களிலும் மெல்லக் கற்போரைப் பற்றித்தான் பேச்சு. அது தேவையானதுதான். ஆனால் மீத்திறன் என்ற சொல் எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வு வரும்போதுதான் நம் நினைவுக்கு வருகிறது.

சும்மா இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் இன்னொரு வேலை சட்டாம்பிள்ளை பதவி. பேசுகிறவர்கள் பெயரை எழுதுவது, நோட்டு திருத்துவது, பின்தங்கிய பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது. எப்போதாவது செய்தால் நல்லதுதான், சொல்லிக்கொடுக்கும்போது தனக்கும் தெளிவாகும். தினமும் செய்தால் அந்தக் குழந்தை சம்பளமில்லாத மூன்றாவது ஆசிரியர். அதற்குத் தோழர்களும் மிஞ்சமாட்டார்கள்.

யாரை மீத்திறன் குழந்தை என்கிறோம் என்பதில்தான் எனக்கு மிகப் பெரிய வருத்தம். அழகான கையெழுத்து, அமைதி, தடங்கலில்லாத தமிழ் வாசிப்பு, இவை மூன்றும் இருந்தால் கெட்டிக்காரப் பிள்ளை என்று முடிவுகட்டிவிடுகிறோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் பேச்சு தெலுங்கிலோ கன்னடத்திலோதான். அங்கே ஒரு சிறுமி தமிழ்ப் பாடத்தைத் தட்டுத்தடுமாறித்தான் படிப்பாள். ஆனால் ஒரு பெட்டியில் 15 கிலோ தக்காளி என்று வைத்துக்கொண்டு, கிலோ 12 ரூபாய், எட்டுப் பெட்டிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மனத்துக்குள் தெலுங்கில் எண்ணி, 1440 என்று சொல்லிவிடுவாள். தாளில் எழுதிய வாக்கியக் கணக்காகக் கொடுத்திருந்தால் கேள்வியே புரிந்திருக்காது, நாமும் பூஜ்யம் போட்டிருப்போம். பாதி வருடம் பெற்றோருடன் வேலைக்கு வெளியூர் போய்த் திரும்பும் பிள்ளைகளுக்கும் இதே கதிதான்.

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் நுண்ணறிவுச் சோதனை வைத்துக் குழந்தை மேதைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். அந்தச் சோதனையில் மதிப்பெண் போதவில்லை என்று விடுபட்டவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் அல்வாரெஸ். இருவருமே பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜோசப் ரென்சுல்லி 1978இல் மீத்திறனை மூன்று வளையங்களாக விளக்கினார்: சராசரிக்கு மேலான திறன், எடுத்த வேலையை விடாமல் செய்யும் பிடிவாதம், புதிதாக யோசிக்கும் குணம். மூன்றும் சேரும் இடத்தில்தான் மீத்திறன் இருக்கிறது என்றார். நம் மதிப்பெண் பதிவேடு முதல் வளையத்தில் ஒரு துண்டைத்தான் அளக்கிறது.

ஆண்டு விழா மேடையில் ஐந்து வயதுக் குழந்தை நாடுகளின் தலைநகரங்களை ஒப்பிக்கும், நாம் கைதட்டுவோம். நினைவாற்றல் நல்ல திறன்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடுகிறோம்.

பாராட்டிலும் கவனம் வேண்டும். "நீ பெரிய அறிவாளி" என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், பிறகு கடினமான கணக்குகளில் சறுக்கியபோது எளிதில் சோர்ந்துபோனார்கள். "நன்றாக முயன்றாய்" என்று கேட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இது. அறிவாளிப் பட்டம் வாங்கிய குழந்தைக்கு அதைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடுகிறது. தெரியாத கணக்கைத் தொடப் பயப்படும். வீட்டில் சித்தி, மாமா என்று ஆளாளுக்கு "எங்கள் வீட்டுக் கலெக்டர்" என்று கொஞ்சுவதும் இதில் சேரும். கலெக்டருக்கு வயது எட்டு.

இன்னொன்று, ‘அதிகப்பிரசங்கி’ என்ற சொல். ஆடி மாதம் ஒரு நாள் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "ஐயா, நம்ம ஊர்ல மழையே இல்லையே, ஒகேனக்கல்ல மட்டும் எப்படி வெள்ளம்?" நான் தமிழ்ச் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தேன். உட்கார் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. நல்லவேளையாக, "நாளைக்குச் சொல்கிறேன், இன்றைக்கு நீயும் விசாரித்துக்கொண்டு வா" என்றேன்.

மறுநாள் அவள் பரிசல் ஓட்டும் பெரியப்பாவிடம் கேட்டு வந்திருந்தாள். கர்நாடகத்தில் குடகில் மழை என்றால் காவிரியும், கேரளத்தில் வயநாட்டில் மழை என்றால் கபினியும் பெருகுமாம். அணை நிரம்பித் திறந்துவிட்டால் இங்கே பரிசல் ஓட்டத் தடையாம். நான் சுவரில் இந்திய வரைபடத்தை மாட்டினேன். பெரியப்பா சொன்ன ஊர்களையெல்லாம் அவளே விரலால் தொட்டுக் காட்டினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்போ கடலுக்குப் போற தண்ணியை யாரு அளக்கறாங்க ஐயா?" என்றாள். செய்யுள் அன்றும் முடியவில்லை.