உரிமையியல் வழக்கில் மின்னணு ஆவணங்களைத் திரட்டும் முறை: டெல்டா மாவட்ட இளம் வழக்கறிஞர்களுக்கு

தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் அரிசி வியாபாரத்தில் விலை பேசுவது வாட்ஸ்அப்பில், முன்பணம் போவது யுபிஐயில், லாரி புறப்பட்டதற்குச் சாட்சியாக இருப்பது ஆலை வாசலில் எடுத்த ஒரு படம். பாக்கி நின்று, வழக்குத் தொடுக்க வரும் ஆலைக்காரரிடம் பல நேரங்களில் கையெழுத்திட்ட காகிதம் ஒன்றும் இருப்பதில்லை. இப்படிப்பட்ட வழக்கில், ஆவணத்தைப் பாதுகாக்கும் வேலை வழக்குரையின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கட்சிக்காரர் கைப்பேசியோடு வந்து உட்கார்ந்ததும், உரையாடலை உங்கள் எண்ணுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் வழியே சாதாரணமாக அனுப்பப்படும் படம் சுருக்கப்படுகிறது. எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்களும் அதில் தங்குவதில்லை. திரைப்பிடிப்பு நீங்கள் படித்துப் பார்க்க உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி வழக்குப் போடக் கூடாது. செய்திகள் தாமாக மறையும் அமைப்பு இயங்கினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கைப்பேசியை விற்கவோ, மாற்றவோ, பழைய நிலைக்குத் திருப்பவோ கூடாது என்பதை எழுத்திலேயே கொடுங்கள். பிறகு உரையாடலைப் படங்கள், குரல் பதிவுகளோடு ஏற்றுமதி செய்து, கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றி, அங்கேயே அதன் ஹாஷ் மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற அடையாளத்தை) கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்எச்ஏ-256 முறையில் கிடைக்கும் 64 எழுத்துகள் கொண்ட அந்த மதிப்பு, கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் முழுவதும் மாறிவிடும். ஆயினும் ஏற்றுமதியான உரையாடல் வெறும் எழுத்துக் கோப்புதான்; ஹாஷ் எடுப்பதற்கு முன் அதைத் திருத்தினார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் உண்டு. அதற்குப் பதில் சொல்லக்கூடியது மூலக் கைப்பேசி ஒன்றே. ஆகவே அதைத் தனியே பத்திரப்படுத்தி, தயாரிப்பு, மாதிரி, நிறம், ஐஎம்இஐ எண் (கைப்பேசியின் தனி அடையாள எண்) ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் அன்றே கேட்டுவிடுவது நல்லது: கைப்பேசியை உண்மையில் இயக்குபவர் யார்? முதலாளியின் பெயரில் சிம் இருக்கும், பதில் எழுதுவது கணக்குப்பிள்ளையாக இருக்கும். அப்படியானால் மின்னணு ஆவணத்தோடு தாக்கல் செய்யும் சான்றில் கையெழுத்திடவும் சாட்சி சொல்லவும் அவர் தேவைப்படுவார். அவர் வேலையை விட்டுப் போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆலையில் கண்காணிப்பு கேமரா இருந்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள், ஏனெனில் அதன் பதிவுப் பெட்டி பழைய காட்சிகள் மேல் புதியவற்றை எழுதிக்கொண்டே போகும்.

அடுத்தது, வழக்குக்கு முன் எதிர்த்தரப்புக்கு அனுப்பும் வக்கீல் அறிவிப்பு. அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் விதிகளில் மின்னணுத் தகவல் 2006 திருத்தத்தின் மூலம் தனி இடம் பெற்றது. காக்க வேண்டிய தகவலை இழந்தவருக்கு என்ன நேரும் என்பதை 37(இ) விதி 2015-இல் விரிவாக்கியது. நம் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், 1908-இல் அதற்கு இணையான தனி விதி இல்லை. அதனாலேயே எந்த எண்ணிலிருந்து, எந்தத் தேதிகளுக்கு இடையே நடந்த உரையாடல்களை எதிர்த்தரப்பு அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று அறிவிப்பில் தெளிவாகக் கேட்பது முக்கியம். கேட்ட பிறகும் அழித்தால், கையிலிருந்த சாட்சியத்தை மறைத்தவருக்கு அது பாதகமாக இருந்திருக்கும் என்று ஊகிக்குமாறு, பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023-இன் 119-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தைக் கோரலாம்.

வழக்கு வணிகத் தகராறாக இருந்து அதன் மதிப்பு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால், உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் வணிக நீதிமன்றங்கள் சட்டம், 2015 மாற்றியமைத்த கட்டளை 11 பொருந்தும். அதன்படி, தன் வசமுள்ள ஆவணங்களில் தனக்குப் பாதகமானவற்றையும் வாதி வெளியிட வேண்டும். மின்னணுப் பதிவு எப்படி, யாரால், எப்போது உருவானது என்று உறுதிமொழியும் தர வேண்டும். அரிசி வியாபாரப் பாக்கி பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வந்துவிடும் என்பதால், சாதாரண வழக்காகத் தாக்கல் செய்யும் பழக்கத்தை விட்டு முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

மற்ற வழக்குகளில் கட்டளை 11 விதி 12-இன் கீழ் ஆவண வெளிப்பாடு கோரி மனுப் போடலாம். “எல்லா உரையாடல்களும்” என்று கேட்டால் மனு தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம். எண், காலம், பொருள் மூன்றையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். உத்தரவுக்குக் கீழ்ப்படியாத பிரதிவாதியின் எதிர்வாதத்தை நீக்கவும், வாதியின் வழக்கைத் தள்ளவும் விதி 21 இடம் தருகிறது. வங்கிக் கணக்கு விவரத்துக்கு வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டம், 1891-இன் 2ஏ பிரிவுச் சான்றோடு நகல் பெற்றால் போதும். வாட்ஸ்அப் நிறுவனத்திடம் செய்திகளைக் கேட்டு அலைவது வீண். சென்றடைந்த செய்திகளை அது தன் சர்வரில் வைத்திருப்பதில்லை.

இனி, பலர் இடறும் இடமான சான்று. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு நிற்கிறது. அன்று நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமே தொடரும். புதிய சான்று இரண்டு பகுதிகள் கொண்டது. முதல் பகுதியில் சாதனத்துக்குப் பொறுப்பானவர் அதன் விவரங்களையும் ஹாஷ் மதிப்பையும் எழுதிக் கையெழுத்திடுகிறார். இரண்டாவதில் நிபுணர் கையெழுத்திடுகிறார். நிபுணர் என்பவர் யார் என்று அந்தப் பிரிவு வரையறுக்கவில்லை. படிவத்தை நிரப்பித் தருபவர் என்று யாரையாவது பிடிக்காமல், கணினித் துறையில் தகுதி உள்ளவராகவும், குறுக்கு விசாரணையில் ஹாஷ் என்றால் என்ன என்று தடுமாறாமல் விளக்கக்கூடியவராகவும் தேர்ந்தெடுங்கள். நகலை மட்டும் தாக்கல் செய்யும்போது சான்று கட்டாயம் என்பதையும், கைப்பேசியின் உரிமையாளரே அதோடு சாட்சிக் கூண்டில் ஏறினால் சான்று வேண்டியதில்லை என்பதையும் 65பி பற்றிய அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சான்று தர மறுப்பவரிடமிருந்து அதைப் பெற்றுத் தருமாறு நீதிமன்றத்தை நாடலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

சான்று ஆவணத்தை உள்ளே கொண்டுவரும், அவ்வளவுதான். எழுதியவர் பிரதிவாதிதான் என்பதைச் சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும். குரல் பதிவானால், பேசியவரின் குரலை அறிந்தவர் அதை அடையாளம் காட்ட வேண்டும். எழுத்தாக்கத்தில் வட்டாரப் பேச்சைத் திருத்தாமல் ஒலித்தபடியே எழுத வேண்டும். குரலே மறுக்கப்பட்டால் கட்டளை 26 விதி 10ஏ-யின் கீழ் அறிவியல் ஆய்வுக்கு ஆணையர் நியமிக்கக் கோரலாம்.

எதிர்த்தரப்பு சான்றில்லாத அச்சுப்பிரதியைச் சான்றாவணமாகக் குறியீடு செய்ய முயன்றால், அந்த நேரத்திலேயே எழுந்து ஆட்சேபித்து, அதைச் சாட்சியப் பதிவில் எழுதச் செய்யுங்கள். நிரூபிக்கும் முறை பற்றிய ஆட்சேபத்தை மேல்முறையீட்டில் முதன்முறையாக எழுப்ப முடியாது என்று சோனு எதிர் ஹரியானா மாநிலம் வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.