வண்டிக்கு அடியில் எண்ணெய்க் கறை: கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

காலையில் காரை வெளியே எடுத்த பிறகு முற்றத்துச் சிமென்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை தெரிந்தால், அதற்கு நேர் மேலேதான் பழுது இருக்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எஞ்சினின் உச்சியில் கசியும் ஆயில், அதன் பின்பக்கச் சுவரில் வழிந்து, ஓட்டத்தின் காற்றால் மேலும் பின்னுக்குத் தள்ளப்பட்டு, எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் வந்து சொட்டும். எனக்கு நேர்ந்ததும் அதுதான். கியர் பாக்ஸை இறக்கி, கிராங்க் சீலை (எஞ்சினின் சுழல்தண்டு வெளிவரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) மாற்றி, அதற்கான கூலியையும் கொடுத்துவிட்டு வந்த மூன்றாம் நாளே அதே இடத்தில் மறுபடியும் சொட்டியது. உண்மையில் கசிந்தது டாப் கவர் பேக்கிங், அதாவது எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்பு.

முதலில், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து அடியில் இரவு முழுவதும் விரித்து வையுங்கள். முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தை அட்டையில் பேனாவால் குறித்துக்கொண்டால், சொட்டு விழுந்த இடத்தைக் காலையில் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, சொட்டின் நிறத்தையும் மணத்தையும் பாருங்கள். எஞ்சின் ஆயில் புதிதாக இருக்கும்போது தேன் நிறமாகவும், ஓடிய பிறகு பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் பெரும்பாலும் சிவப்பு, பழையதானால் பழுப்பேறும். சி.வி.டி. (ஒரு வகை ஆட்டோமேட்டிக் கியர்) வண்டிகள் சிலவற்றில் அது பச்சையாகவும் இருப்பதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மேனுவல் கியர் ஆயில் கெட்டியாக இருக்கும். அதன் கந்தக வாடையை ஒரு முறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். நிறமும் மணமும் இல்லாமல் இருந்தால் அது ஏ.சி. தண்ணீர், கவலை வேண்டாம். சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்து, அது பிரேக் ஆயில் என்று தெரிந்தால், வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.

நம் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் (செம்மணல் மேடு) செம்மண்ணில் ஓடிய வண்டியில் சொட்டும் எஞ்சின் ஆயிலும் சிவப்பாகவே தோன்றும். விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள்: மண்ணானால் நறநறக்கும், கியர் ஆயிலானால் வழுவழுவென்று இருக்கும்.

மூன்றாவதாக, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைத் (ஆயில் அளவு காட்டும் கம்பி) துடைத்து, மீண்டும் செருகி எடுத்து அளவு பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் குறைவாக இருந்தால், ஆயில் ஊற்றாமல் ஓட்டக் கூடாது.

இனி முக்கியமான வேலை. பழைய அழுக்கு படிந்த எஞ்சினில் கசிவைத் தேடுவது வீண். எஞ்சின் நன்றாக ஆறியதும், ஆல்டர்னேட்டரையும் (பேட்டரிக்கு மின்னேற்றும் கருவி) ஏர் ஃபில்டரையும் பிளாஸ்டிக் பையால் மூடி, டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) தெளித்துக் கழுவிக் காய விடுங்கள். (இதைத் தாமிரபரணிப் படித்துறையில் செய்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை, பணிமனையின் வாட்டர் வாஷில் செய்யுங்கள்.) ஈரம் போனதும், பெல்ட்டுகளைத் தவிர்த்து, சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் முகத்துக்குப் பூசும் டால்கம் பவுடரை மெல்லிதாகத் தூவிவிட்டு, அம்பாசமுத்திரம் வரை ஒரு முறை போய்த் திரும்புங்கள். வெள்ளைப் பூச்சில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கும். அதைக் கீழிருந்து மேலாகத் தொடர்ந்து சென்றால், ஈரம் தொடங்கும் உச்சிப்புள்ளியில்தான் கசிவு இருக்கும்.

அது டாப் கவரின் விளிம்பில் தொடங்கினால் பேக்கிங். ஆயில் ஃபில்டரைச் சுற்றி இருந்தால் இறுக்கம் போதவில்லை அல்லது பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சம்பின் (எஞ்சினுக்குக் கீழே உள்ள ஆயில் தொட்டி) அடியில் மட்டும் இருந்தால், ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டின் வாஷர். கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் நுழையும் இடம் நனைந்திருந்தால் ஆக்ஸில் சீல். மேலே எல்லாம் உலர்ந்திருந்து, எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் அடிப்பகுதி மட்டும் நனைந்தால்தான், என்னிடம் கூலி வாங்கிய அந்தக் கிராங்க் சீலைச் சந்தேகிக்க வேண்டும். பல இடங்களில் ஒரே நேரத்தில் கசிந்தால், சீல்களை மாற்றுவதற்கு முன் பி.சி.வி. வால்வு (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றுவது) அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் கசிய வைக்கும்.

அடியில் பார்க்க வேண்டுமானால், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். ஸ்டாண்டு முட்டுக் கொடுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்த பிறகே குனியுங்கள். ஸ்டாண்டு இல்லையென்றால், கைபேசியில் டார்ச்சைப் போட்டு, அடியில் நீட்டிக் காணொளி எடுத்துப் பாருங்கள். பழுது பார்த்த பிறகு, அதே அட்டையின் மறுபக்கத்தை விரித்து இன்னும் இரண்டு இரவுகள் பார்த்துவிடுங்கள்.