வெயில் விழும் தோட்டத்தில் ஜப்பானிய மேப்பிள்: புதியவர்களுக்கான செய்முறை

ஜப்பானிய மேப்பிள் நிழலில்தான் வளரும், வெயிலில் வைத்தால் கருகிவிடும் என்று இங்கே நியூ ஜெர்சியில் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் பலரும் நம்புகிறார்கள். அதில் பாதி உண்மை. ஜப்பான், கொரியா மலைக்காடுகளில் உயர்ந்த மரங்களின் கீழே, வடிகட்டிய வெளிச்சத்தில் வளர்ந்து பழகிய சிறு மரம் இது. ஆனால் கோடையில் இலையோரம் பழுப்பாகி நொறுங்குவதற்கு வெயில் மட்டும் காரணமன்று. இலை வழியே நீர் வெளியேறும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாமல் போவதே முக்கியக் காரணம். இதன் வேர்கள் ஆழமாகப் போகாமல் மேல்மண்ணிலேயே படர்வதால், மேல்மண் சூடேறிக் காய்ந்தவுடன் மரம் தவித்துப்போகிறது. எனவே வெயிலில் இதை வளர்ப்பதென்பது, வேர் இருக்கும் அந்த ஒரு சாண் மண்ணைக் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் காப்பதுதான். அதைச் செய்துவிட்டால் வெயில் நன்மையே செய்யும்: சிவப்பு இலை ரகங்கள் அடர்ந்த நிழலில் மங்கிப் பச்சை கலந்துவிடும்; இலைக்குச் சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் நன்றாகச் சேர வெளிச்சம் வேண்டும்.

இடத்தைப் பார்த்தல்

கன்று வாங்குவதற்கு முன் ஜூன் அல்லது ஜூலை மாதத்தில் ஒரு நாள் முழுவதும் தோட்டத்தைக் கவனியுங்கள். காலை எட்டு மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெயில் எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும். குளிர்காலத்தில் பார்த்து முடிவு செய்வது தவறாகப் போகும். சூரியனின் பாதை அப்போது தாழ்வாக இருக்கும், பக்கத்து மரங்களிலும் இலை இராது. காலை வெயில் நான்கைந்து மணி நேரம் விழுந்து, பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வீட்டின் நிழலோ வேலியின் நிழலோ வந்து சேரும் கிழக்குப் பக்கமே மிகச் சிறந்த இடம். நாள் முழுவதும் வெயில் விழும் இடமும் ஆகும். ஆனால் அங்கே ரகத்தையும் தண்ணீரையும் இருமடங்கு கவனிக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியது மேற்குச் சுவரோரமும், கார் நிறுத்தும் தார்த்தளத்தின் ஓரமும். என் முதல் கன்றை அப்படி ஒரு தார்த்தளத்திலிருந்து மூன்று அடி தள்ளித்தான் வைத்தேன். ஜூலை இரண்டாம் வாரத்தில் தளத்தின் பக்கம் இருந்த கிளைகளில் மட்டும் இலை நுனிகள் சுருண்டு, தொட்டால் பொரித்த அப்பளம் போல் உடைந்தன. மறுபக்க இலைகள் அப்படியே இருந்தன. மேலிருந்து விழுந்த வெயில் இரு பக்கத்துக்கும் ஒன்றுதான். தரையிலிருந்து எழும்பிய அனல்தான் அந்த வேறுபாட்டைச் செய்தது.

தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு பயிரிட்ட பாத்தியிலும் இதை நடாதீர்கள். அவற்றைத் தாக்கும் வெர்டிசிலியம் வாடல் நோயின் பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் தங்கும். மேப்பிளுக்கு அது வந்தால் மருந்தில்லை.

ரகத்தைத் தேர்ந்தெடுத்தல்

இந்த மரத்துக்கு ஜப்பானியர் வைத்த கயேதே என்ற பெயர், தவளையின் கை என்ற பொருள்தரும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. பால்மாட்டம் என்ற தாவரவியல் பெயரும் உள்ளங்கையைத்தான் குறிக்கிறது. அந்தக் கையின் விரல்கள் எவ்வளவு ஆழமாகப் பிளந்திருக்கின்றன என்று பார்த்தே வெயில் தாங்குமா என்பதை ஓரளவு கணிக்கலாம். அகன்ற, தடித்த இலையுள்ளவை பெரும்பாலும் தாங்கும். சரிகை போல நூலிழையாகப் பிளந்தவை விரைவில் கருகும். வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த இலையுள்ளவை மிக விரைவில் கருகும். உக்கிகுமோ போன்ற வெண்புள்ளி ரகங்களை வெயிலில் வைக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வெயிலுக்கு என் முதல் பரிந்துரை பிளட்குட், அடுத்தது எம்பரர் ஒன். இரண்டும் அடர்சிவப்பு, எம்பரர் சற்றுத் தாமதமாகத் துளிர்ப்பதால் ஏப்ரல் பின்பனியிலிருந்து தப்பிக்கும் வாய்ப்பு அதிகம். கோடையில் பச்சையாக இருந்து இலையுதிர் காலத்தில் கருஞ்சிவப்பாக மாறுவது வேண்டுமென்றால் ஒசாகாசுகி. நூலிழை இலைதான் வேண்டும் என்று மனம் கேட்டால், அந்த வகையில் நிமிர்ந்து வளரும் செய்ர்யூ மற்றவற்றைவிட வெயில் தாங்கும்.

நர்சரியில் கன்றைப் பார்க்கும்போது அது அங்கே நிழல்வலையின் கீழ் நின்றதா, திறந்த வெயிலில் நின்றதா என்று கேளுங்கள். வலையின் கீழ் வளர்ந்த கன்றைத் தொட்டியிலேயே வைத்து, இரண்டு வாரம் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கிய பிறகே நட வேண்டும்.

நடுதல்

வெயில் விழும் இடத்துக்கு வசந்தத்தைவிட இலையுதிர் காலமே ஏற்ற பருவம் என்பது என் உறுதியான கருத்து. செப்டம்பர் இறுதியில் காற்று குளிர்ந்திருக்கும், மண்ணில் இன்னும் சூடு இருக்கும். இலை கொட்டிய பிறகும் வேர் வளர்ந்துகொண்டே இருப்பதால், முதல் கோடைக்குள் கன்று ஓரளவு கால் ஊன்றிவிடும்.

முதலில் வடிகாலைச் சோதியுங்கள். ஓரடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி, அது வடிந்ததும் மீண்டும் நிரப்புங்கள். இரண்டாம் முறை மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். இறங்காத களிமண்ணாக இருந்தால் குழியே வேண்டாம், ஓரடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். ஈரம் வேண்டும் மரம்தான், ஆனால் தேங்கிய நீரில் வேர் அழுகிவிடும். அழுகிய வேரால் நீர் ஏற்ற முடியாதபோதும் இலை அதே போலத்தான் கருகும்.

குழியின் அகலம் வேர் உருண்டையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. ஆழம் உருண்டையின் உயரத்தைவிட ஒரு விரற்கடையேனும் குறைவு. தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றியிருக்கும் வேர்களை விரலால் பிரித்துவிட்டு, முரட்டு வேர்களைக் கத்தரியுங்கள். அடித்தண்டு வேராக விரியும் இடம் மண்ணுக்குமேல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போட்டு, மட்கிய உரத்தை மேலே பரப்பினால் போதுமானது. மண்ணின் அமில-கார அளவான பிஹெச் 5.5 முதல் 6.5 வரை இருந்தால் இந்த மரத்துக்குப் பிடிக்கும்.

மூடாக்கும் தண்ணீரும்

மரப்பட்டைத் துகளையோ நொறுக்கிய இலையையோ இரண்டு முதல் மூன்று அங்குல கனத்துக்கு, கிளைகள் பரவும் அகலம் வரை மூடாக்காகப் பரப்புங்கள். ஆனால் தண்டைச் சுற்றி ஒரு கைப்பிடி அகலத்துக்கு மண் வெறுமையாக இருக்கட்டும், தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். கூழாங்கல் அழகாக இருந்தாலும் வெயில் இடத்துக்கு வேண்டாம், அது அனலைப் பிடித்துவைக்கும்.

முதல் மூன்று கோடைகளும் தண்ணீர்தான் எல்லாம். நாலடி உயரக் கன்றுக்கு நான் ஒரு முறைக்குச் சுமார் 20 லிட்டர் தண்ணீரை, குழாயை மெதுவாகத் திறந்துவைத்து, அதிகாலையில் கொடுப்பேன்; வழக்கமான வாரத்தில் இரண்டு முறை, வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வாரத்தில் மூன்று முறை. கணக்கைவிட விரலை நம்புங்கள்: மூடாக்கை விலக்கி விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் இறக்கிப் பார்த்து, நுனியில் குளிர்ச்சி தட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். தினமும் மேலோட்டமாகத் தெளிப்பது வேரை இன்னும் மேலே இழுத்துவிடும்.

முதல் ஆண்டு உரம் தேவையில்லை. தழைச்சத்து மிகுந்த புல்வெளி உரம் பக்கத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது வளர்க்கும் மெல்லிய இளந்தளிர்தான் முதலில் கருகும். நர்சரியில் ரகத்தை வேறொரு கன்றின் வேர்த்தண்டோடு ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே பச்சைத் துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் அது மேலே உள்ள ரகத்தை மிஞ்சி வளரும்.

கருகிவிட்டால்

பதறிப்போய்க் கருகிய கிளைகளை வெட்டாதீர்கள், உரமும் போடாதீர்கள். நகத்தால் சிறு கிளையின் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் கிளை உயிரோடு இருக்கிறது. ஆழமாகத் தண்ணீர் கொடுத்து, மூடாக்கைச் சரிசெய்து, அனல் குறையும்வரை மேற்குப் பக்கம் ஒரு நிழல்வலை கட்டினால் போதும். ஒரே கிளை மட்டும் திடீரென்று வாடி, அதை வெட்டிப் பார்க்கையில் உள்மரத்தில் கருமையான கீற்றுகள் தெரிந்தால் அது வாடல் நோயாக இருக்கலாம். அந்தக் கத்தரிக்கோலை ஆல்கஹாலில் துடைக்காமல் வேறு மரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

தொடர்ந்து இரண்டு கோடை கருகினால் இடம்தான் தவறு. இலை முழுவதும் கொட்டிய பிறகு, மண் உறைவதற்கு முன், வேர் உருண்டையோடு பெயர்த்துக் கிழக்குப் பக்கம் நடலாம். தார்த்தளத்தின் ஓரத்தில் கருகிய என் கன்றை அப்படித்தான் ஒரு நவம்பரில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மாற்றினேன். இப்போது காலை பத்து மணி வெயில் அதன் இலைகளை ஊடுருவி உள்ளே வரும்போது, அடுப்படிச் சுவர் சிவந்துபோகிறது.